வீட்டு ரூம்ல பதிவான போஸ்ட்-ராக்: தேடி எடுத்து, கேட்டு, பத்திரப்படுத்த நான் போட்ட செட்டப்

ஒரு வழியா இது ஓட ஆரம்பிச்சிருச்சு. தனி ஆளாவோ ரெண்டு மூணு பேராவோ வீட்டு ரூம்லயே உக்காந்து ரெக்கார்ட் பண்ணி வெளியிடற இன்ஸ்ட்ருமென்டல் போஸ்ட்-ராக் ஆல்பங்கள்ல நல்லதா ஒண்ணு ரெண்டு இப்போ வாரா வாரம் கைக்கு வருது, வந்ததை முழுசா கேக்கறேன், ஃபைல் ஒழுங்கான பேர்ல ஒழுங்கான ஃபோல்டர்ல போய் உக்காருது, ஒரு ஆல்பம் காதைப் பிளக்கறதும் அடுத்தது காதுலயே விழாததுமா இருந்த தொல்லையும் போயிருச்சு. இதுக்கு நடுவுல வேலைக்கே ஆகாத வழி நெறைய போய் பாத்தாச்சு, அதனால ஆரம்பத்துலேந்து வரிசையா எழுதிடறேன், இதே தேடல்ல இருக்கறவங்க யாருக்காவது நேரம் மிச்சமாகும்.

எந்த மியூசிக்னு மட்டும் ரெண்டு வரி. போஸ்ட்-ராக்ங்கற பேரை 1994 வாக்குல பரவலாக்கினது சைமன் ரெனால்ட்ஸ்ங்கற விமர்சகர். அதுக்கப்புறம் மொக்வாய், காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை மாதிரி பேண்டுங்க வந்து, பாட்டுக்குரலே இல்லாம கிட்டார் பேஸ் டிரம்ஸை வெச்சே மெதுவா ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல பெருசா ஏறி எறங்கற ஒரு வடிவத்தை எல்லாருக்கும் பழக்கிட்டாங்க. வீட்டுல உக்காந்து பண்ண இதைவிட தோதான மியூசிக் இல்லைன்னு நான் நெனைக்கறேன். வீட்டு ரெக்கார்டிங்ல ரொம்ப சிரமம் குரலும் நிஜ டிரம்ஸும் தான். இதுல குரல் வேண்டாம், டிரம்ஸுக்கு சாஃப்ட்வேர் இருக்கு, கிட்டாரை ஆம்ப்ளிஃபையரே இல்லாம இன்டர்ஃபேஸ்ல (கிட்டாரை கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) நேரா செருகி ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட யாரையும் எழுப்பாம வாசிக்கலாம், ஒரு லேயர் மேல இன்னொரு லேயர்னு ஒரே ஆள் நாலு கிட்டார் போடலாம். அதனால தான் உலகம் பூரா இப்படிப் பண்றவங்க ஏராளமா இருக்காங்க. ஆனா அவங்களைக் கண்டுபிடிக்கறது தான் பெரும்பாடு.

முதல்ல எல்லாரும் பண்ற மாதிரி பெரிய ஸ்ட்ரீமிங் ஆப்ல தெரிஞ்ச பேண்ட் ஒண்ணைப் போட்டு, இதே மாதிரி தொடர்ந்து ஓட்டுன்னு விட்டேன். என்ன பண்ணினாலும் சுத்திச் சுத்தி அதே இருபது முப்பது பேர் தான் வராங்க. ஒரு ட்ராக்கைப் பிடிக்கலைன்னு தள்ளினா அதே பேண்டோட வேற ட்ராக் வருது. காரணம் யோசிச்சா புரியுது, இந்த பரிந்துரை முறைங்க பெரும்பாலும் "இதைக் கேட்டவங்க வேற எதைக் கேட்டாங்க"ங்கற கணக்குல தான் ஓடுது, மொத்தமே நாப்பது பேர் கேட்ட ஆல்பத்துக்கு அந்த கணக்குல எடமே கெடையாது. அதுவும் ஸ்பாட்டிஃபைல 2024-லேந்து, முந்தின 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத ட்ராக்குக்கு ரெக்கார்டிங் ராயல்டியே கெடையாதுன்னு ஆக்கிட்டாங்க, அதனால சின்ன ஆளுங்க அங்க போடறதுக்கே யோசிக்கறாங்க. ரெடிமேட் ப்ளேலிஸ்ட்டையும் முயற்சி பண்ணேன், அதுல பாதிக்கு மேல படிக்கும்போது பின்னணில ஓடவிடற ரகம், மூணு நிமிஷத்துல எந்த எடத்துக்கும் போகாம முடிஞ்சிரும். இந்த வழியை அதோட விட்டாச்சு.

அடுத்தது பேண்ட்கேம்ப் டேக். பேண்ட்கேம்ப்ங்கறது ஆர்ட்டிஸ்டே நேரா ஆல்பத்தை விக்கற தளம், டேக்ங்கறது அந்த ஆல்பம் எந்த வகைன்னு ஒட்டற சின்ன வார்த்தை. இங்க தான் உண்மையான வேலை ஆரம்பிச்சுது. டேக் போடறது அந்த ஆர்ட்டிஸ்டே, அதனால அவங்க தன்னைப் பத்தி என்ன நெனைக்கறாங்கன்றது அதுலயே தெரியும். போஸ்ட்-ராக்னு தேடினா முதல்ல வரது அதிகம் விக்கற வரிசை, அதுல லேபிள் பின்னாடி இருக்கற, நிஜ ஸ்டுடியோல பண்ணின ஆளுங்க தான் முன்னாடி நிப்பாங்க. வரிசையை "புதுசா வந்தது"ன்னு மாத்தினவுடனே காட்சியே மாறிருது. ஆனா புதுசா வந்ததுல கண்டதும் வரும், மெட்டல் வரும், ஆம்பியன்ட் வரும், சும்மா எல்லா டேக்கையும் அள்ளிப் போட்டிருப்பாங்க. சலிக்க ரெண்டாவது டேக் தேவைப்படுது. நான் பாத்த வரைக்கும் போஸ்ட்-ராக்கோட இன்ஸ்ட்ருமென்டல் சேத்தா கொஞ்சம் தான் சலியும், லோ-ஃபை, டிஐஒய் (தானே பண்ணினது), பெட்ரூம், ஹோம் ரெக்கார்டிங், சோலோ ப்ராஜெக்ட் இப்படி ஒண்ணு சேத்தா நம்மாளுங்க நேரா மேல வருவாங்க. போஸ்ட்டையும் ராக்கையும் சேத்து ஒரே வார்த்தையா டேக் போடறவங்க தனிக் கூட்டம், அதையும் தனியா ஒரு தடவை தேடிடணும். ரெண்டு டேக்குக்கு மேல போனா பக்கம் காலியாயிருது, மூணு நாலுன்னு போட்டு ஒண்ணுமே வரலைன்னு விட்டுடாதீங்க.

பட்டியல் வந்தப்புறம் கேக்கறதுக்கு முன்னாடியே கண்ணால ஒரு வடிகட்டல் நடக்குது. ட்ராக் நீளத்தைப் பாப்பேன். அஞ்சு ட்ராக், 38 நிமிஷம், அதுல ஒண்ணு மட்டும் 12 நிமிஷம்னா உடனே தெறக்கறேன். பதினாறு ட்ராக், எல்லாமே சரியா ரெண்டரை நிமிஷம்னா பெரும்பாலும் வீடியோவுக்குப் பின்னணி விக்கறவங்க. அப்புறம் கீழ இருக்கற க்ரெடிட்ஸ், இது தான் எனக்கு ரொம்ப முக்கியம். "எல்லாக் கருவியும் வாசிச்சது, பதிவு பண்ணினது, மிக்ஸ் பண்ணினது இன்னார்"ன்னு ஒரே பேர் வந்தா அது தான் நாம தேடற ஆள். சிலர் எந்த மாசத்துலேந்து எந்த மாசம் வரைக்கும் பதிவு பண்ணினாங்க, எந்த ரூம், எந்த இன்டர்ஃபேஸ், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பரா ஆடாசிட்டியா, கிட்டாரை ஷூர் எஸ்எம்57 மைக் வெச்சு எடுத்தாங்களா இல்ல நியூரல் ஆம்ப் மாடலர் மாதிரி சாஃப்ட்வேர்ல எடுத்தாங்களான்னு வரிசையா எழுதிருப்பாங்க. அப்படி எழுதறவங்க ஆல்பம் பெரும்பாலும் ஏமாத்தறதில்ல, அவ்வளவு அக்கறையா எழுதறவங்க மிக்ஸ்லயும் அந்த அக்கறையைக் காட்டறாங்க.

இப்போ கேக்கற முறை. இதை சரி பண்ணத்தான் எனக்கு நெறைய நாள் ஆச்சு. வழக்கமா புதுப் பாட்டைத் தெறந்து முப்பது செகண்ட் கேட்டு முடிவு பண்ணுவோம், போஸ்ட்-ராக்ல முதல் முப்பது செகண்ட்ல ஒண்ணுமே இருக்காது, ரிவெர்ப் (பெரிய ஹால்ல கேக்கற மாதிரி எதிரொலி) போட்ட ஒரே ஒரு கிட்டார் நோட்டு தூரத்துல கேக்கும், எல்லா ஆல்பமும் ஒண்ணு மாதிரியே தோணும். சரின்னு ப்ளேயர்ல அலை வடிவம் எங்க தடிமனா இருக்கும்னு யூகிச்சு நேரா உச்சத்துக்குத் தாவிப் பாத்தேன், அதுவும் சரி வரல, ஏன்னா உச்சத்துல எல்லாரும் ட்ரெமோலோ பிக்கிங்கும் (ஒரே நோட்டை படபடன்னு மீட்டறது) க்ராஷ் சிம்பலும் தான், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாம கேட்டா வெறும் இரைச்சல். இப்போ பண்றது இது: ஆல்பத்துலயே நீளமான ட்ராக்கை எடுத்து, சுமார் பாதி தாண்டின எடத்துலேந்து உச்சம் முடியற வரைக்கும் விடாம கேக்கறது. ஏறப் போற அந்த ரெண்டு நிமிஷத்துல தான் ஆள் யாருன்னு தெரியும். சும்மா சத்தத்தை மட்டும் ஏத்தறாரா, இல்ல பேஸ் ஒரு நோட்டு மாறி, ரெண்டாவது கிட்டார் எதிர் மெலடி எடுத்து, டிரம்ஸ் பாதி வேகத்துலேந்து முழு வேகத்துக்கு வந்து ஏறுதான்னு அங்க கேட்டுறலாம். பிடிச்சா அப்பவே நிறுத்திட்டு, ஆல்பத்தை வேற நேரத்துல முதல் ட்ராக்லேந்து வரிசையா கேக்கறேன்.

இன்னொரு விஷயம், பேண்ட்கேம்ப்ல சும்மா கேக்கற ஸ்ட்ரீம் 128 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது தரத்தைக் கொறைச்சுச் சுருக்கினது. சாதாரணப் பாட்டுக்கு ஓகே, ஆனா டிஸ்டார்ஷன் கிட்டார் நாலு லேயர், மேல சிம்பல், அதுக்கு மேல ரிவெர்ப்னு வரும்போது சிம்பல் எல்லாம் தண்ணிக்குள்ள கேக்கற மாதிரி கொழகொழன்னு ஆயிரும். ஆரம்பத்துல இதைக் கேட்டு மிக்ஸ் மோசம்னு ஒதுக்கின ஆல்பத்தை அப்புறம் ஃப்ளாக்ல (தரம் கொறையாம சுருக்கற ஃபைல் வடிவம்) கேட்டப்போ சுத்தமா இருந்துச்சு. அதனால ஸ்ட்ரீம்ல கேட்டு இசையமைப்பை மட்டும் எடை போடணும், சவுண்ட் எப்படின்னு அங்க தீர்ப்பு சொல்லக் கூடாது.

வீட்டுல பண்ணினதுங்கறதை காதாலயே அடையாளம் கண்டுபிடிக்கலாம், பழகிட்டா அதுவே தனி சந்தோஷம். டிரம்ஸ் சாஃப்ட்வேர்ல போட்டதுன்னா ஸ்னேர் ரோல் வரும்போது தெரியும், ஒவ்வொரு அடியும் ஒரே பலத்துல தடதடன்னு மெஷின் மாதிரி விழும். நல்ல ஆளா இருந்தா ஒவ்வொரு அடியோட வெலாசிட்டியையும் கையால ஏத்தி எறக்கிருப்பார், அதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்னு ஒரு தடவை பண்ணிப் பாத்தவங்களுக்குத் தெரியும். அமைதியான எடத்துல மெயின்ஸ் கரன்ட்டோட ஹம் அடில மெல்லிசா ஓடும், சிங்கிள் காயில் கிட்டார்னா கண்டிப்பா. என்கிட்ட இருக்கற ஒரு ஆல்பத்துல, தனி ஆள் பண்ணினது, ரெண்டாவது ட்ராக்கோட கடைசில கிட்டார் கார்டு ஒண்ணு ரிவெர்ப்ல கரைஞ்சுக்கிட்டே போகும், அது முழுசா அடங்கறதுக்கு ஒரு அரை செகண்ட் முன்னாடி நாற்காலி லேசா கிறீச்னு நகரும், ரெக்கார்டிங்க நிறுத்த கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருக்கார். அவர் நெனைச்சிருந்தா அதை ஃபேட் போட்டு மறைச்சிருக்கலாம், விட்டு வெச்சிருக்கார். அந்த ட்ராக்கை நான் எவ்வளவு தடவை போட்டாலும் அந்த எடத்துக்காகக் காத்திருக்கேன்.

எல்லாக் குறையும் இப்படி அழகா இருக்காது, அதையும் சொல்லணும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது முடிவு எல்லையைத் தள்ளி வைக்காததால ரிவெர்ப் வால் சட்டுனு கத்தரிச்ச மாதிரி நிக்கறது அடிக்கடி வருது. மாஸ்டரிங்னு (வெளியிடறதுக்கு முன்னாடி பண்ற கடைசி சவுண்ட் வேலை) ஒரு லிமிட்டரை, அதாவது சத்தம் ஒரு அளவைத் தாண்டாம அமுக்கற கருவியை, மட்டும் போட்டு நசுக்கறதும் அப்படித்தான், மெதுவான பகுதியே ஏற்கனவே முழு சத்தத்துல இருக்கும், உச்சம் வரும்போது மேல போக எடமே இல்லாம மொத்தமும் சுருங்கி உள்ள போயிரும். இந்த வகை மியூசிக்கோட உயிரே ஏற்ற எறக்கம் தான், அது போச்சுன்னா எவ்வளவு நல்ல மெலடி இருந்தும் மனசு ஒட்டாது. இதை அளந்தும் பாக்கலாம், எஃப்எஃப்எம்பெக்ங்கற சாஃப்ட்வேர்ல ஈபியூ ஆர்128ங்கற சத்தத்தை அளக்கற ஃபில்டரைப் போட்டா எல்ஆர்ஏன்னு லவுட்னஸ் ரேஞ்ச் ஒரு எண் தரும். எனக்குப் பிடிச்ச ஆல்பங்கள்ல அது பெரும்பாலும் 10-க்கு மேல இருக்கு, 4 இல்ல 5-னு வந்தா நசுக்கியிருக்காங்கன்னு யூகிச்சிறலாம். ஆனா இந்த எண்ணை வெச்சு ஆல்பத்தை ஒதுக்கறதில்ல, ஒரே சீரா ஓடற நல்ல ட்ராக்கும் கம்மியாத்தான் காட்டும்.

டேக் மூலமா தேடறது ஒரு கட்டத்துக்கு மேல அலுத்துருச்சு, நூறு தெறந்தா தான் ஒண்ணு தேறும். அதுக்கப்புறம் ஆளுங்க வழியா போக ஆரம்பிச்சப்போ தான் செட்டப்பே நிமிர்ந்துச்சு. பேண்ட்கேம்ப்ல ஆல்பம் பக்கத்துல அதை வாங்கினவங்க படம் சின்னச் சின்னதா இருக்கும். சின்ன ஆல்பத்துக்கு அது மொத்தமே அஞ்சாறு பேர் தான் இருப்பாங்க. அதுல ஒருத்தரைத் தெறந்தா அவங்க வாங்கினது பூரா தெரியும், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கீழ வேற எத்தனை பேர்கிட்ட இது இருக்குன்னு எண் போட்டிருக்கும். ஆயிரக்கணக்குல இருக்கறதை விட்டுட்டு மூணு, ஏழு, பன்னெண்டுன்னு இருக்கறதை மட்டும் பாக்கறேன். ஒருத்தர் தேடிப் போய் காசு குடுத்து வாங்கின, வேற மூணே பேர்கிட்ட இருக்கற ஆல்பம்னா அதை ஒரு தடவையாவது கேட்டே ஆகணும். டேக்ல நூத்துக்கு ஒண்ணு தேறினா இதுல பத்துக்கு ரெண்டு மூணு தேறுது.

மாஸ்டரிங் பேரும் நல்ல நூல். மிக்ஸ் வரைக்கும் தானே பண்ணிட்டு மாஸ்டரிங்க மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுக்கறவங்க நெறைய, அந்த இன்னொருத்தரும் பெரும்பாலும் தானே வீட்டுல போஸ்ட்-ராக் பண்றவரா தான் இருப்பார். அவர் பேரைப் பிடிச்சுத் தேடினா அவர் ஆல்பம், அவர் மாஸ்டர் பண்ணின மத்தவங்க ஆல்பம்னு கொடி மாதிரி போகும். அப்புறம் ஆர்பிஎம் சேலஞ்ச்னு ஒண்ணு இருக்கு, 2006-லேந்து நடக்குது, பிப்ரவரி மாசத்துக்குள்ள பத்து பாட்டு இல்லைன்னா 35 நிமிஷம் மியூசிக் பதிவு பண்ணி முடிக்கணும்ங்கறது தான் மொத்த விதியும். அதனால மார்ச் ஆரம்பத்துல அந்தப் பேரை டேக்கா வெச்சு இன்ஸ்ட்ருமென்டல் தேடினா, ஒரே மாசத்துல வீட்டுல பண்ணின ஆல்பம் நெறைய வந்து விழும். அவசரம் தெரியும், ஆனா யோசிச்சு யோசிச்சு மழுங்கடிக்காத ஒரு வேகமும் இருக்கும்.

பழசுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். அங்க நெட்லேபிள்ஸ்னே (இன்டர்நெட் வழியா ஆல்பம் வெளியிடற லேபிள்) ஒரு தனிப் பிரிவு இருக்கு, 2000-களோட பிற்பகுதில க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல இலவசமா ஆல்பம் வெளியிட்ட சின்னச் சின்ன நெட்லேபிள் எல்லாம் அங்க குமிஞ்சு கெடக்கு. சப்ஜெக்ட்ல போஸ்ட்-ராக்னு போட்டு வருஷ வாரியா பிரிச்சுக் கேக்கலாம். நெறைய ஆளுங்க ஒரே ஒரு ஈபி (சின்ன ஆல்பம்) வெளியிட்டுட்டு அப்புறம் சத்தமே இல்ல. அந்த ஒரு ஈபி அபாரமா இருக்கும்.

இது எல்லாத்தையும் விட நல்லா வேலை செஞ்ச வழி ஒண்ணு உண்டு, நேரா எழுதிக் கேக்கறது. ஆல்பம் வாங்கினதும் அந்தப் பக்கத்துல இருக்கற தொடர்பு லிங்க்ல, எந்த ட்ராக்ல எந்த எடம் ஏன் பிடிச்சுதுன்னு குறிப்பா நாலு வரி எழுதி, நீங்க யாரைக் கேக்கறீங்கன்னு ஒரு கேள்வியும் போடுவேன். பொத்தாம்பொதுவா சூப்பர்னு எழுதினா நன்றியோட முடிஞ்சிரும். நாலாவது நிமிஷத்துல ரெண்டாவது கிட்டாரை எடது பக்கமா பேன் பண்ணிருக்கீங்களேன்னு எழுதினா பதில் ஒரு பக்கத்துக்கு வரும். எந்த டிலே பெடல், எத்தனை தடவை வாசிச்சாங்க, யார் யார் ஆல்பத்தைக் கேட்டு இந்த யோசனை வந்துச்சு எல்லாம். நான் இப்போ விடாம கேக்கற ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க இப்படி இன்னொரு ஆர்ட்டிஸ்ட் சொல்லி வந்தவங்க தான்.

சரி, ஃபைலுக்கு வரேன். டவுன்லோட் பண்ணும்போது ஃப்ளாக் மட்டும் தான் எடுக்கறேன். சுருக்காத 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல்னா நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, 40 நிமிஷ ஆல்பம் 400 எம்பி, ஃப்ளாக்ல அது பாதிக்குக் கொஞ்சம் மேல வரும், அமைதியான பகுதி அதிகம் இருந்தா இன்னும் கம்மி. 24 பிட்ல வெளியிட்டிருந்தா ரொம்பப் பெருசாகும், இருந்தாலும் அப்படியே வெச்சுக்கறேன். ஃபோனுக்கு மட்டும் அதுலேந்து ஓபஸ்ங்கற சுருக்கின வடிவத்துல 128 கேபிபிஎஸ்ல ஒரு காப்பி, அதே ஆல்பம் 40 எம்பிக்குள்ள அடங்கிரும்.

சிலது ஃப்ளாக்னு வந்தாலும் ஆர்ட்டிஸ்ட்கிட்ட இருந்த மூலமே எம்பி3-யா இருந்திருக்கலாம். ஸ்பெக்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஃபைலோட ஸ்பெக்ட்ரம்மைப் படமா காட்டும், 16 கிலோஹெர்ட்ஸ்ல ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி கோடு இருந்தா சந்தேகப்படலாம். ஆனா இந்த மியூசிக்ல ஒரு பொறி இருக்கு. கிட்டார் ஸ்பீக்கர் கேபினட்டோட தன்மையே 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வேகமா எறங்கிறது தான், சாஃப்ட்வேர் ஆம்ப்லயும் அதையே தான் நகல் எடுத்திருப்பாங்க, அதனால டிரம்ஸ் இல்லாத பகுதியைப் பாத்தா மேல் பாதி பூரா கருப்பா தான் தெரியும், அது எம்பி3 ஆனதுக்கு ஆதாரம் இல்ல. சிம்பல் அடிக்கற எடத்தைப் பாத்து தான் முடிவு பண்ணணும். ஆர்க்கைவ்ல எம்பி3 மட்டுமே இருக்கற பழைய ஈபியை அப்படியே வெச்சுக்கறேன், அதைத் திரும்ப ஃப்ளாக்கா மாத்தறதுல எடம் தான் வீண்.

ஃபைலுக்குள்ள ஆல்பம், ட்ராக் பேரை எழுதற டேக் எடிட்டுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்ங்கற சாஃப்ட்வேர். இந்த சின்ன ஆல்பங்களோட கைரேகை (சத்தத்தை வெச்சே பாட்டை அடையாளம் காட்டற குறி) மியூசிக்பிரெய்ன்ஸ் டேட்டாபேஸ்ல பெரும்பாலும் இருக்கறதில்ல, தேடினா ஒண்ணும் வராது. அது திறந்த டேட்டாபேஸ் தானே, யார் வேணா சேக்கலாம், அதனால நானே அக்கவுன்ட் போட்டு ஆல்பம், ட்ராக் நீளம், க்ரெடிட்ஸ் எல்லாம் உள்ள ஏத்திட்டு அப்புறம் டேக் பண்றேன். ஒரு ஆல்பத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். இனி யாராவது அந்த ஃபைலைப் போட்டா பேர் வந்துரும்.

அடுத்தது சவுண்ட் லெவல், இதுல தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். வீட்டுல மாஸ்டர் பண்றதால ஒருத்தர் ஆல்பம் -8 எல்யூஎஃப்எஸ்ல (காதுக்குக் கேக்கற சத்தத்தோட அளவு, 0-வை நெருங்க நெருங்க சத்தம் அதிகம்) இருக்கும், அடுத்தவரோடது -21ல இருக்கும். 13 டெசிபல் வித்தியாசம், தூங்கிட்டிருந்தா எழுப்பிரும். இதுக்கு ரீப்ளேகெயின் தான் வழி, எவ்வளவு சத்தத்தை ஏத்தணும் எறக்கணும்னு ஃபைல்ல எழுதி வெச்சு ப்ளேயரையே சரிக்கட்ட வைக்கற முறை, நான் ஆர்எஸ்கெயின்னு ஒரு கமாண்ட் லைன் டூல் வெச்சுப் பண்றேன். முதல்ல ட்ராக் கெயின்ல ஓட்டினேன், அது ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருது, ரெண்டு நிமிஷ பியானோ துணுக்கும் அதுக்கடுத்து வர பன்னெண்டு நிமிஷ பிரளயமும் ஒரே அளவு சத்தமாயிருச்சு. ஆல்பத்தையே கெடுத்துருது. போஸ்ட்-ராக்குக்கு எப்பவும் ஆல்பம் கெயின், ப்ளேயர் செட்டிங்லயும் ஆல்பம் மோட்.

அதுலயும் சிக்கல் வந்துச்சு. ரீப்ளேகெயின் 2.0-வோட இலக்கு -18 எல்யூஎஃப்எஸ். -21ல இருக்கற ஆல்பத்தை 3 டெசிபல் ஏத்தணும், ஆனா அந்த ஆல்பத்தோட உச்சம் ஏற்கனவே 0-வைத் தொட்டுக்கிட்டு நிக்குது, ஏத்தினா க்ளிப் ஆகும் (எல்லை தாண்டி சத்தம் உடையும்), க்ளிப் தடுப்பைப் போட்டா ஏத்தவே மாட்டேங்குது. நல்லா ஏற்ற எறக்கத்தோட பண்ணினவங்க ஆல்பம் தான் இதுல மாட்டுது. கூடவே ஓபஸ் ஃபைல் தன்னோட ஆர்128 டேகுக்கு -23 எல்யூஎஃப்எஸ்ஸை அடிப்படையா எடுத்துக்குது, ஃப்ளாக்குக்கும் ஓபஸுக்கும் 5 டெசிபல் வித்தியாசம், சில ப்ளேயர் அதை சரிக்கட்டும், சிலது கட்டாது. கடைசில எல்லாத்துக்குமே இலக்கை -23ன்னு வெச்சு மொத்த லைப்ரரியையும் திரும்ப ஸ்கேன் பண்ணேன். ரெண்டு பிரச்சனையும் ஒரே அடில போச்சு. -21 ஆல்பம் ரெண்டு டெசிபல் எறங்குது, -8 ஆல்பம் பதினஞ்சு எறங்குது, க்ளிப்புங்கற பேச்சே இல்ல. மொத்த சத்தம் கம்மியாகும், ஹெட்ஃபோன் ஆம்ப்ல வால்யூமைத் திருப்பினா போதும். ஃபோன்ல மட்டும் போதலைன்னா ப்ளேயரோட ப்ரீ-ஆம்பை 4 டெசிபல் ஏத்தி, க்ளிப் தடுப்பை ஆன் பண்ணி வெச்சிருக்கேன்.

வெளில நடக்கும்போது அமைதியான பகுதி கேக்கறதே இல்லைன்னு, ஃபோன் காப்பிக்கு மட்டும் கம்ப்ரஸர் போட்டு ஏற்ற எறக்கத்தைக் கொறைச்சும் பாத்தேன். எல்லாம் கேட்டுச்சு, ஆனா ஏழு நிமிஷம் காத்திருந்து வர அந்த உச்சம் வந்ததே தெரியல. அந்தக் காப்பியெல்லாம் அழிச்சாச்சு. சத்தம் அடங்கின எடத்துல உக்காந்து கேக்கறதுக்கு மாத்து இல்ல, இந்த மியூசிக் அதைக் கேக்குது, நான் குடுக்கறேன்.

ப்ளேயர்ல இன்னும் ரெண்டு செட்டிங். கிராஸ்ஃபேட் ஆஃப், இல்லைன்னா ஒவ்வொரு ட்ராக்கோட கடைசி ரிவெர்ப் மேலயும் அடுத்த ட்ராக் ஏறி உக்காரும். கேப்லெஸ் (நடுவுல இடைவெளி விடாம ஓட்டறது) ஆன், ஏன்னா ட்ராக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடறது இங்க சகஜம். ஃப்ளாக்லயும் ஓபஸ்லயும் பிரச்சனை இல்ல. எம்பி3-ல என்கோடர் (எம்பி3-யா மாத்தற சாஃப்ட்வேர்) ஆரம்பத்துல கொஞ்சம் மௌனம் சேத்துரும், லேம்ங்கற என்கோடர்னா 576 சாம்பிள், கடைசிலயும் 1152 சாம்பிள் ஃப்ரேமை நெரப்ப இன்னும் கொஞ்சம். லேம் டேக் இருந்தா ப்ளேயர் அதை வெட்டிக்கும், பழைய நெட்லேபிள் ஃபைல்ல அந்த டேக் இல்லைன்னா ட்ராக் மாறற எடத்துல ஒரு சின்ன ஓட்டை விழும். அதுக்கு நான் ரெண்டு ட்ராக்கையும் டீகோட் பண்ணி ஆடாசிட்டில மௌனத்தை வெட்டி ஒட்டி, ஒரே நீளமான ஃபைலா தனியா ஒண்ணு வெச்சுக்கறேன், மூல எம்பி3-யைத் தொடறதில்ல.

பத்திரப்படுத்தறது ஏன் இவ்வளவு முக்கியம்னா, இந்த ஆல்பங்களுக்கு இன்னொரு காப்பி எங்கயுமே இருக்காது. மைஸ்பேஸ்ல 2003-லேந்து 2015 வரைக்கும் ஏத்தின மியூசிக் பூரா சர்வர் மாத்தும்போது போயிருச்சுன்னு 2019-ல ஒத்துக்கிட்டாங்க, அஞ்சு கோடிக்கு மேல பாட்டுன்னு கணக்கு சொன்னாங்க. அதுல சுமார் 4,90,000 ஃபைல் வேற ஒரு ஆய்வுக் குழுகிட்ட இருந்து மீண்டு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு, மிச்சம் அவ்வளவு தான். பெரிய பேண்டுக்கு ஒண்ணும் ஆகல, போனது பூரா இந்த மாதிரி ரூம்ல உக்காந்து பண்ணினவங்களோடது. பேண்ட்கேம்ப்பும் 2022-ல எபிக் கேம்ஸ் கைக்குப் போய், 2023-ல சாங்ட்ரேடர் கைக்கு மாறிருச்சு. என் லிஸ்ட்லயே ஆர்ட்டிஸ்ட் பக்கத்தையே எடுத்துட்டுப் போனது உண்டு. அதனால வாங்கின அன்னைக்கே டவுன்லோட், ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி, அதுல ஒண்ணு எப்பவும் கழட்டி வெச்சது. ஃப்ளாக்குக்குள்ளயே எம்டி5 கையெழுத்து (ஃபைல் மாறலையான்னு சரிபாக்கற எண்) இருக்கு, அதோட டெஸ்ட் கமாண்டை அப்பப்போ மொத்த ஃபோல்டர்லயும் ஓட்டினா கெட்டுப் போன ஃபைல் தெரிஞ்சிரும். ஃபோல்டர்ல கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அந்தப் பக்கத்துல இருந்த க்ரெடிட்ஸும் குறிப்பும் வார்த்தை மாறாம. பக்கம் போயிருச்சுன்னா யார் வாசிச்சாங்கங்கறதுக்கு அது ஒண்ணு தான் சாட்சி.

காசு விஷயம். நெறைய பேர் "உங்க இஷ்டம்"னு வெல வெச்சிருப்பாங்க, பூஜ்யம் போட்டாலும் டவுன்லோட் ஆகும். நான் பூஜ்யம் போடறதில்ல. டிஜிட்டல் விற்பனைல பேண்ட்கேம்ப் எடுத்துக்கறது 15 சதவீதம், அது போக பேமென்ட் கட்டணம், மிச்சம் ஆர்ட்டிஸ்ட்டுக்கு. 2020 மார்ச் 20 அன்னைக்கு முதல் தடவையா அந்த 15-ஐயும் விட்டுக் குடுத்தாங்க, அதுலேந்து பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு சில மாசங்கள்ல முதல் வெள்ளிக்கிழமை அப்படி நடக்குது. கேட்டுப் பிடிச்சதை விஷ்லிஸ்ட்ல சேத்து வெச்சு அந்த நாள்ல மொத்தமா வாங்கறேன். ஒரு எச்சரிக்கை, பேமென்ட் கட்டணத்துல ஒரு பகுதி தொகை எவ்வளவுன்னாலும் நிலையா போகும், அதனால ரொம்பச் சின்னத் தொகையா பல தடவை குடுக்கறதை விட, ஒரே ஆளோட ரெண்டு மூணு ஆல்பத்தைச் சேத்து ஒரே தடவைல வாங்கினா அவங்க கைக்கு அதிகம் போய்ச் சேரும்.

அடுத்த தடவை இதை முதல்லேந்து ஆரம்பிச்சா மாத்தறது சிலது இருக்கு. டேக் தேடல்ல அவ்வளவு நாள் உக்காந்திருக்க மாட்டேன், பிடிச்ச ஆல்பம் ஒண்ணு கெடைச்ச உடனே அதை வாங்கினவங்க கலெக்ஷனுக்குத் தாவிருவேன். கேட்டதை எழுதி வைக்கற ஸ்ப்ரெட்ஷீட்டை முதல் நாள்லேந்து போடுவேன். ஆல்பம், யார் வழியா வந்துச்சு, நீளமான ட்ராக் எது, எந்த நிமிஷத்துல என்ன பிடிச்சுது, அவ்வளவு தான் அதுல இருக்கற கட்டம். மார்க் போடற கட்டமும் வெச்சிருந்தேன், எடுத்துட்டேன், ஏன்னா நாலு மாசம் கழிச்சுத் திரும்பக் கேக்கும்போது மார்க் மாறுது, "6:40-ல பேஸ் மாறற எடம்"ங்கற குறிப்பு மாறல. லவுட்னஸ் இலக்கை ஆரம்பத்துலயே -23ன்னு வெச்சிருப்பேன், மொத்தத்தையும் திரும்ப ஸ்கேன் பண்ற வேலை மிச்சம்.

இப்போ கைல இருக்கறது ஆர்க்கைவ் நெட்லேபிள் வேலை. 2008-லேந்து ஒவ்வொரு வருஷமா எடுத்து, போஸ்ட்-ராக்னு போட்ட ஒவ்வொரு ஈபிலயும் நீளமான ட்ராக்கைக் கேட்டுக்கிட்டு வரேன், தேறினதை மியூசிக்பிரெய்ன்ஸ்ல ஏத்தறேன். 2009 பாதில நிக்குது. இந்த ஈபி பண்ணின ஆளுங்கள்ல இன்னும் வேற பேர்ல யாராவது வாசிச்சுக்கிட்டு இருக்காங்களான்னு க்ரெடிட்ஸ் பேரை வெச்சுத் தேடறேன், சிலர் இருக்காங்க.